டர்பன் 'கவெண்டர்' குடும்பத்தின் சொந்த ஊரை எப்படித் தேடுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த உங்கள் நண்பரின் குடும்பப் பெயர் கவெண்டர். அவருடைய அப்பாவின் தாத்தா மதராஸில் கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கவுண்டர் என்றால் கொங்குநாடுதானே, ஈரோடு, கோபி பக்கம் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தால் பங்காளிகள் கிடைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவரை இப்போதைக்கு டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயரை வைத்து ஊரைத் தேடினால் தவறான மாவட்டத்தில் போய் நிற்பீர்கள். தேட வேண்டியது பெயரை அல்ல, ஒரு எண்ணை. அது என்ன எண் என்பதற்கு முன்னால், இந்தப் பெயர் ஏன் கைவிடும் என்று சொல்கிறேன்.

கவெண்டர் என்பது கவுண்டர் என்பதன் நேட்டால் எழுத்து வடிவம். நாயுடு அங்கே நாய்டூ ஆனது, முதலியார் மூட்லி ஆனது, பிள்ளை பிள்ளே ஆனது, படையாட்சி பெரிய மாற்றமில்லாமல் படையாச்சி என்றே நின்றது. இவை எதுவும் ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. பட்டங்கள். ஒரே பட்டத்தைப் பல சாதிகள் பல ஊர்களில் போட்டுக்கொண்டன. கவுண்டர் என்ற பட்டம் கொங்கு வேளாளர்களுக்கு உண்டு, வேட்டுவர்களுக்கும் உண்டு. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து வன்னியர்களில் பெரும்பகுதியினருக்கும் உண்டு. முதலியார் என்று போட்டுக்கொண்டவர்களில் செங்குந்தர் இருக்கிறார்கள், துளுவ வேளாளர் இருக்கிறார்கள், அகமுடையாரும் இருக்கிறார்கள். பிள்ளைக்கோ கணக்கே கிடையாது. ஆகவே டர்பனில் உள்ள ஆயிரக்கணக்கான கவெண்டர்கள் ஒரு மூதாதையரின் வழி வந்தவர்கள் இல்லை, ஒரு சாதியாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

நேட்டாலுக்கு ஆள் போன வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை, நடுவில் 1866 முதல் 1874 வரை நின்றுபோன காலம் நீங்கலாக, ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. மதராஸ் வழியாகப் போனவர்களுக்குள் வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள் மிக அதிகம். செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம், தெலுங்குப் பக்கம் விசாகப்பட்டினம் என்று மற்ற மாவட்டங்களும் உண்டு. கொங்குப் பக்கத்திலிருந்தும் போயிருக்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டால் குறைவுதான். ஆக, எந்த விவரமும் இல்லாமல் ஊகிக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு கவெண்டருக்கு நான் ஈரோட்டைச் சொல்ல மாட்டேன். ஆரணி, போளூர், வந்தவாசி, வாலாஜா பக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். அதுவும் ஊகம்தான்.

சரி, கவெண்டர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது? கப்பலில் ஏறும்போது யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பதிவேட்டில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், சாதி என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தன, அவ்வளவுதான். முனுசாமி, அப்பாவு மகன். நம்மூரில் அது போதும். நேட்டாலில் போதவில்லை. குழந்தை பிறந்தால் பதிய வேண்டும், பள்ளியில் சேர்க்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறித் தோட்டத்துக்குக் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். ஒருவர் அதில் சாதிப் பட்டத்தைச் சொன்னார். இன்னொருவர் அப்பா பெயரைச் சொன்னார். அதனால்தான் இன்றைக்கு அங்கே கோவிந்தசாமி, பெருமாள், மாரிமுத்து, சின்னசாமி எல்லாம் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் பதிவான குடும்பங்களும் உண்டு. நண்பரின் தாத்தா காலத்திலேயே கூடப் பிறந்தவர்கள் வேறு குடும்பப் பெயரோடு இருந்திருக்கலாம். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கவெண்டர் என்று மட்டும் தேடினால் சொந்தத் தாத்தாவின் தம்பியே தப்பிப் போவார்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். சத்தியாகிரகத்தில் சிறை சென்று, உடல் நொந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். தென்னாப்பிரிக்க வரலாற்றில் அவர் வள்ளியம்மா முனுசாமி முதலியார். முனுசாமி அப்பா பெயர், முதலியார் பட்டம். நாம் சொல்லும் தில்லையாடி என்ற முன்னொட்டு அங்கே இல்லை. ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்வது நம் வழக்கம், அங்கே கடல் தாண்டிய பதிவுகளில் ஊர் உதிர்ந்துபோனது. அவருடைய பெற்றோரின் ஊர் நமக்குத் தெரிந்திருப்பது அவர் பெயர் பெற்ற போராளி என்பதால். மற்ற லட்சம் பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி எண்ணுக்கு வருகிறேன். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். முதல் கப்பலில் 1-இல் தொடங்கி கடைசிக் கப்பல் வரை தொடர் எண். இந்த எண் அந்த ஆளை விட்டுப் பிரியவே இல்லை. எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு வரை அது வரும். ஒரு மனிதனை எண்ணாக மாற்றிய கொடுமைதான் அது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பெயரை எட்டு விதமாக எழுதிய எழுத்தர்கள் எண்ணை மட்டும் ஒழுங்காக எழுதினார்கள். அதனால் இன்றைக்குக் கொள்ளுப் பேரனுக்குக் கைகொடுப்பது அந்த எண்தான்.

எண் எங்கே கிடைக்கும்? முதலில் வீட்டில். டர்பன் குடும்பங்களில் பழைய தகரப் பெட்டியில் பாட்டியின் திருமணச் சான்று, தாத்தாவின் பிறப்புச் சான்று என்று ஏதாவது இருக்கும். அதில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஐந்தாறு இலக்கத்தில் ஒரு எண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. வீட்டில் இல்லையென்றால் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் இறப்பு அறிவிப்பு ஒன்று நிரப்புவார்கள். அதில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லாம் வரும். சொத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாதவர்களுக்குக்கூடச் சில சமயம் இந்தக் காகிதம் இருக்கும். தேடுகிறவர்கள் எளிதில் புறக்கணித்துவிடும் ஆவணம் இது. எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான், ஏனென்றால் இதை நிரப்பியவர் பெரும்பாலும் மகனோ மகளோ, வீட்டு மனிதர்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலை, அதாவது கப்பல்வாரியாக ஆட்களைப் பதிந்த பதிவேட்டை, திறக்கலாம். மூலப் பதிவேடுகள் நேட்டால் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிய தரவுகள் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகக் கிடைக்கின்றன. எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்தும் தேடலாம்தான். ஆனால் முனுசாமிகள் எத்தனை பேர் என்று பார்த்தால் மலைத்துப் போவீர்கள்.

பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இது மாதிரிக்கு நான் அமைத்தது, உண்மையான ஆள் இல்லை. பெயர் மூன்சாமி. தகப்பன் பெயர் அப்பாவு. வயது 22. சாதி வன்னியா. ஜில்லா நார்த் ஆர்க்காட். தாலுகா வாண்டிவாஷ். கிராமம் பூதூர். அடையாளம், இடது கணுக்காலில் தழும்பு.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மூன்சாமி என்பது முனுசாமி. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அல்லது டிப்போவில், அதாவது கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த முகாமில், இருந்த நம்மூர் எழுத்தர் சொன்னதை எழுதினார். ஆறுமுகம் அர்மூகம் ஆகும், குப்புசாமி கூப்பூசாமி ஆகும். ழ, ற, ண எல்லாம் என்னென்னவோ ஆகும். ஆகவே பெயரை வாய்விட்டுச் சத்தமாகப் படியுங்கள், கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். வயதை நம்பாதீர்கள். தோட்டத்துக்கு இளவயது ஆட்கள் வேண்டும் என்பதால் குறைத்தும் சொல்லியிருப்பார்கள், வயது தெரியாதவர்கள் குத்துமதிப்பாகவும் சொல்லியிருப்பார்கள். தகப்பன் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்தவர்கள், கடனுக்கு அஞ்சி வந்தவர்கள், கணவனை விட்டு வந்த பெண்கள் வேறு பெயர் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

சாதிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொடக்க காலக் கப்பல்களில் தமிழர் என்றால் மலபார், தெலுங்கர் என்றால் ஜென்டூ என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போன பக்கங்கள் உண்டு. பிற்காலத்தில் சாதியை எழுதினார்கள். அப்படி எழுதியதும் இன்றைய குடும்பப் பெயரும் பொருந்தாமல் போவது அபூர்வமில்லை. பட்டியலில் ஒடுக்கப்பட்ட சாதி என்று இருக்கும், பேரப்பிள்ளைகள் நாய்டூ என்றோ பிள்ளே என்றோ இருப்பார்கள். கடல் கடந்த இடத்தில், ஊர்க்கண் பார்க்காத இடத்தில், ஒருவர் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வேறொரு பெயரைத் தேர்ந்துகொண்டார். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. உங்கள் நண்பரின் குடும்பத்திலும் அப்படி ஏதாவது வெளிப்பட்டால், அதைப் பொய் என்றோ ஏமாற்று என்றோ பேச விடாதீர்கள். இங்கே கும்பிட்டு ஒதுங்கி நின்றவர் அங்கே நிமிர்ந்து நிற்க வழி தேடினார். அதைக் கண்டுபிடித்ததற்காகக் கொள்ளுப் பேரன் பெருமைப்படலாம். அதே சமயம் இந்தக் கட்டத்தில் உள்ளதை ஊரில் போய் முதல் ஆளிடமே உரக்கச் சொல்ல வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

அடுத்தது இடம். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, அது சுலபம். சிங்கிள்புட் செங்கல்பட்டு, டான்ஜூர் தஞ்சாவூர், கஞ்சீவரம் காஞ்சிபுரம். சிக்கல் எல்லைகளில் வரும். அன்றைய வட ஆர்க்காடு இன்று இல்லை. சித்தூர் தாலுகா, சந்திரகிரி தாலுகா எல்லாம் அப்போது வட ஆர்க்காட்டில் இருந்தன. 1911-இல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது, பிறகு ஆந்திரத்தோடு போனது. அதிலிருந்து திருத்தணி மட்டும் 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மிச்ச வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனியாக வந்தது. வேலூரும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆகவே தமிழ் பேசிய ஒரு மூதாதையரின் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம், அங்கே நிலப் பதிவெல்லாம் தெலுங்கில் இருக்கும். ஜில்லா பெயரை இன்றைய மாவட்டமாக நினைத்துக்கொண்டு கூகுள் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. தாலுகாவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பூதூர் என்பது புதூராக இருக்கும். ஒரு தாலுகாவில் புதூர்கள் எத்தனையோ. நல்லூர், பாளையம், பேட்டை, குப்பம் எல்லாம் இதே கதைதான். இங்கே ஒரு வழி இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதில்லை. உங்கள் ஆளின் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து இருபது எண்களைப் பாருங்கள். ஆள் பிடிப்பவர் ஒரு பக்கத்து ஊர்களிலிருந்து கும்பலாகச் சேர்த்து அனுப்புவார், டிப்போவில் அவர்கள் சேர்ந்தே வரிசையில் நிற்பார்கள், எண்ணும் அடுத்தடுத்து விழும். முனுசாமிக்கு அடுத்த ஆளுக்கு அதே தாலுகாவில் தெள்ளார் என்று எழுதியிருந்தால், தெள்ளாரைச் சுற்றி இருக்கும் புதூரைத் தேடினால் போதும். சில சமயம் அடுத்த எண் தம்பியாகவோ மைத்துனனாகவோ இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் அண்ணன் தம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தம்பியின் வழி வந்தவர்கள் டர்பனிலேயே வேறு குடும்பப் பெயரில், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டிருக்கலாம்.

எண் கடைசிவரை கிடைக்காமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. கூலியாக வராமல் சொந்தச் செலவில் வந்தவர்களுக்கு எண் கிடையாது. மொரீஷியஸில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு நேட்டாலுக்கு வந்த தமிழர்களும் உண்டு. அப்படியென்றால் மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களைக் கேட்க வேண்டும். அங்கே 1860களிலிருந்து எடுத்த குடியேறிகளின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன. நேட்டால் பட்டியலில் முகம் கிடையாது, தழும்பு மட்டும்தான்.

பெண்களின் பக்கம் இதைவிடக் கடினம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதுதான் கப்பலுக்கான விதி. வந்த பெண்கள் தங்கள் சொந்த எண்ணோடும் தகப்பன் பெயரோடும் பதிவானார்கள், அது நல்லது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் நினைவில் வைத்தது ஆணின் பெயரை மட்டும். பதிவு செய்யாமல் நம் முறைப்படி தாலி கட்டியதை மட்டும் சட்டம் கல்யாணமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. 1913-இல் நீதிபதி சேர்ல் கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்ததும், அதைத் தொடர்ந்து பெண்கள் போராட்டத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. தேடுகிறவர்களுக்கு அதன் பலன் என்னவென்றால், பல கொள்ளுப் பாட்டிகளுக்குத் திருமணப் பதிவே இருக்காது, பிள்ளையின் பிறப்புப் பதிவில்தான் அவர்கள் பெயர் தெரியவரும். நண்பரை அவருடைய கொள்ளுப் பாட்டியின் எண்ணையும் தேடச் சொல்லுங்கள். தாத்தா வழியில் முட்டி நின்ற தேடல் பாட்டி வழியில் ஊர்ப் பெயரைத் தந்துவிடலாம்.

காகிதத்துக்கு வெளியே ஒரு தடயம் இருக்கிறது, அது வீட்டுச் சாமி. டர்பன் தமிழர்கள் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். சில குடும்பங்கள் கெங்கையம்மனுக்குப் படைக்கின்றன. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். கூழ் ஊற்றுவது தொண்டைமண்டலத்தில் தெருவுக்குத் தெரு நடப்பது. கெங்கையம்மன் என்றால் எனக்கு உடனே குடியாத்தம், வேலூர் பக்கமும் அதைத் தாண்டிச் சித்தூர், திருப்பதி வரையும் ஞாபகம் வரும். திரௌபதி வழிபாட்டின் மையம் செஞ்சிப் பகுதி. டர்பன் வீட்டில் கவெண்டர் பாட்டி யாருக்குப் படைத்தார், எந்த மாதம், என்ன படையல், சேவலா ஆடா, சைவமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் வைத்துக் கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மூன்று புதூர்களில் எது என்று முடிவு செய்யும்போது எடை கூட்டும்.

இப்போது ஊருக்கு வருவோம். ஊர் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கவுண்டர் என்று கேட்டால்? வாய்ப்பேச்சில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதிலிருந்து இரண்டு தலைமுறைக்குள் பட்டம் பெரும்பாலானவர்கள் பெயரிலிருந்து போய்விட்டது, தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் தங்கியது. எனக்கு அது தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதற்குக் கொடுத்த விலை, தலைமுறைக்குத் தலைமுறை மாறும் முதலெழுத்து குடும்பத் தொடர்ச்சியைக் காட்டாது என்பது. ஆக, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டம் உறைந்து நிற்கிறது, இந்தப் பக்கம் கரைந்துவிட்டது. இரண்டையும் பொருத்திப் பார்க்க வழியில்லை.

இன்று வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கும் அதே படிவம்தான் வருகிறது. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறார்கள், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இவர்கள் பெயர் கடைசிப் பெயராகிறது. மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர். மலேசியாவில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்தோடு அப்பா பெயரைச் சேர்த்தார்கள், அங்கே இந்தக் குழப்பம் குறைவு. புதுச்சேரியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அந்த இயக்கத்தை நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மட்டும் குடும்பப் பெயர் எந்த நாளில் பிறந்தது என்று சொல்லிவிட முடியும். நேட்டால்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நில ஆவணங்கள் உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் இருக்கும், பழைய செட்டில்மென்ட் காலப் பதிவேடுகள் கிடைத்தால் நூறு வருடம் பின்னால் போகலாம். ஆனால் கப்பலேறியவர்களில் ஏராளமானவர்களுக்கு நிலமே கிடையாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் முதலில் ஊரைவிட்டுப் போனது கூலிக்காரர்கள்தான். பட்டாவே இல்லாதவரைப் பட்டாவில் தேடிப் பயனில்லை. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் ஒழித்தபோது வீட்டுப் பரணில் இருந்த பழைய கணக்குகள் பல ஊர்களில் காணாமல் போயின. பிறப்பு, இறப்புப் பதிவு அந்தக் காலத்தில் கிராமத்தில் சரியாக நடக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள்வாரியான தாள்களைப் பாதுகாக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கதை வேறு, பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு நேராக வாசலில் கொண்டுபோய் விடும். நகரத்தார் போலத் திருமணத்தைக் கோயிலில் புள்ளியாகப் பதியும் வழக்கமுள்ளவர்களுக்கும் கவலையில்லை. மற்றவர்களுக்கு மனிதர்கள்தான் ஆவணம்.

அந்த மனிதர்களிடம் எப்படிப் போவது என்பதில்தான் பல பேர் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கி, என் கொள்ளுத் தாத்தா இந்த ஊர்தான் என்று சொன்ன உடனே வீட்டுக்காரர்கள் மனதில் எழும் முதல் கேள்வி, சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்பது. அது நியாயமான பயம். ஆகவே முதல் தடவை நண்பர் இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள். முதல் பேச்சிலேயே நிலம், வீடு எதுவும் வேண்டாம், குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார் என்று சொல்லிவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பதற்கு முன்னால் கோயில் பூசாரியையும், தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருப்பவரையும் பாருங்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்கிய நோட்டில் வகையறா வகையறாவாகப் பெயர் இருக்கும். முனுசாமி, அப்பாவு என்ற பெயர்கள் எந்த வகையறாவில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கவனியுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் அதே இரண்டு பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறையில் மாறி மாறி வரும். ஆனால் அப்பாவு மகன் முனுசாமிகள் ஒரே வீட்டில் இரண்டு மூன்று காலத்தில் இருந்திருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள், வருடத்தோடு பொருத்தாமல் இவர்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

பட்டியலின் சாதிக் கட்டத்தை உரக்கச் சொல்ல வேண்டாம் என்று முன்னால் சொன்னேனே, அது இதற்காகத்தான். பல கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர்த் தெருவில் போய்க் கேட்டால் காலனிக் குடும்பத்தைப் பற்றித் தெரியாது என்பார்கள், அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் உள்ளதைப் பார்த்துவிட்டு எந்தத் தெருவில் விசாரிக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு போங்கள். அங்கே உள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கப்பலேறிப் போனவர் யாராவது உண்டா என்று பொதுவாகக் கேளுங்கள். கண்டிக்குப் போனார், ரங்கூனுக்குப் போனார், பினாங்குக்குப் போனார் என்று நிறைய வரும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தூர தேசம் எல்லாமே நினைவில் ஒரே பெயரில் போய் அடைந்திருக்கும்.

மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்றும் நண்பர் கேட்பார். செய்யட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அநேகமாக யாரும் அந்தச் சோதனை செய்து வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே பொருந்தி வருபவர்கள் பெரும்பாலும் டர்பன், மொரீஷியஸ், ஃபிஜி, லண்டன் ஆட்களாகவே இருப்பார்கள். அடுத்தது, நாம் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள். அதனால் தூரத்து உறவுக்காரர்கூட அறிக்கையில் இரண்டாம் நிலைச் சொந்தம் போலத் தெரிவார். அறிக்கை சொல்லும் உறவு நிலையிலிருந்து ஒன்றிரண்டு படி தள்ளியே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வேளை முழுக் குடும்பமும் அங்கேயே தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம், பத்து வருடம் முடித்தவர்களுக்குத் திரும்பிவர இலவசக் கப்பல் இருந்தது, ஏராளமானவர்கள் திரும்பியும் வந்தார்கள். 1895-இல் போட்ட மூன்று பவுண்டு வரி பலரைத் திருப்பி அனுப்பியது, பிற்காலத்தில் அரசே பணம் கொடுத்து அனுப்பியது. கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் ஒருவர் திரும்பி வந்திருந்தால், ஊரில் நினைவு மிச்சமிருக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

இப்போதைக்கு நண்பர் டர்பனில் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் உள்ள மூத்த அத்தை, பெரியம்மாக்களிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளட்டும், பெட்டியில் உள்ள காகிதங்களைப் படம் பிடிக்கட்டும், தாத்தாவின் இறப்பு அறிவிப்பை எடுக்கட்டும், எண்ணைக் கண்டுபிடிக்கட்டும். எண் கிடைத்ததும் அந்த வரியையும் அதற்கு முன்னும் பின்னும் இருபது வரிகளையும், எழுத்துப் பிழை எதையும் திருத்தாமல் உள்ளபடியே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊரை நான் தேடித் தருகிறேன்.